மன்னார் வெயிலும் அருளப்பரின் இருதயமும்

இஞ்சேருங்கோ,

நாற்பது வருடம் மன்னாரில் இருந்த ஒரு உடம்பு, பாரிசுக்கு வந்த பிறகு எந்த ஊரின் பருவத்தைப் பார்த்து நடக்கும்? எனக்குத் தெரியாது. விலங்கியல் படித்தவள் என்று என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லித் திரிந்தீர்கள். படித்த இடத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது உங்கள் அட்டவணைதான். பாரிசில் ஸ்டாலின்கிராட் மெட்ரோவுக்குப் பக்கத்துச் சீன உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே சமையற்காரரிடம் கற்ற வைத்தியம். உங்கள் இருவருக்கும் சேர்த்து முப்பது பிரெஞ்சுச் சொல் தெரிந்திருக்குமா? வசந்தத்துக்கு ஈரல், கோடைக்கு இருதயம், கோடை முடிய மண்ணீரல், இலையுதிர்காலத்துக்கு நுரையீரல், குளிருக்குச் சிறுநீரகம். கலண்டரின் பின்பக்கத்தில் பச்சை மையால் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினீர்கள். சிறுநீரகத்துக்குக் கறுப்பு நல்லதாம். உளுந்தைத் தோலோடு அரைத்து மூன்று குளிர்காலம் சாம்பல் நிறத் தோசை சாப்பிட்டோம்.

போன வருடம் தை மாதம் நெஞ்சு நோகிறது என்றீர்கள். இது சிறுநீரகக் காலம், நெஞ்சுக்கு ஒன்றும் வராது என்று நீங்களே தீர்ப்பும் சொன்னீர்கள். நான் சிரித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்த நோவிலேயே நீங்கள் போன பிறகும் உங்கள் மதிப்புக் குறையவில்லை. மன்னாரிலிருந்து வந்து ரூ காய் தெருவில் கடை வைத்திருக்கும் அருளப்பர் உங்கள் செத்தவீட்டிலேயே விளக்கம் சொல்லிவிட்டார்: "அண்ணை சிறுநீரகத்தைக் காப்பாத்தின கவனத்திலை இருதயத்தை விட்டிட்டார்."

இந்தப் பங்குனியில் அவருக்கே நோ. அரிசி மூட்டை தூக்கினால் நெஞ்சிலிருந்து இடது தோள் வரை இழுக்கிறது. சனிக்கிழமை அவர் மனைவி திரேசா அழுதுகொண்டு வந்து என்னைக் கூட்டிப்போனாள். அருளப்பர் கல்லாவுக்குப் பின்னால் நின்று தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தார். ஈரலுக்குப் புளிப்பு.

"வசந்தம் தொடங்கீட்டுது, அக்கா. ஈரல்தான் நெஞ்சை இடிக்குது. அண்ணையின்ரை அட்டவணையிலை இருக்கு."

"ஈரல் வலப்பக்கம், தம்பி. உங்களுக்கு நோகிறது இடப்பக்கம்."

"சீனாவிலை எந்தப் பக்கமோ?"

"சீனன்ரை ஈரலே உங்களுக்குள்ளை கிடக்கு?" என்றாள் திரேசா.

"இருதயத்துக்கு ஆனி வரட்டும். அப்ப கட்டாயம் ஆஸ்பத்திரியிலை காட்டுறன்."

ஆனி வரை இவர் இருப்பாரா என்று எனக்குப் பயம் வந்தது. நாடித்துடிப்பு, இரத்தக்குழாய் என்று தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு அடுத்த தேசிக்காயை வெட்டினார். அப்போதுதான் சொன்னேன்:

"அட்டவணையை அவர் கடைசியிலை திருத்தினவர். உடம்பு பிறந்த ஊரின்ரை காலத்தைத்தான் பார்க்குமாம். மன்னாரிலை இப்ப பங்குனி வெயில். உங்கடை இருதயத்துக்குக் கோடை வந்திட்டுது."

கத்தி நின்றது. "அண்ணையே சொன்னவர்?"

"ஓம்."

உங்கள் பெயரில் நான் சொன்ன முதல் பொய் அது. இதையே உங்களுக்கும் சொல்லியிருக்கலாமோ என்று வீடு திரும்பும்போது யோசித்தேன். சரிவந்திராது. நீங்கள் பிறந்த யாழ்ப்பாணத்திலும் தை மாதம் கோடை இல்லை. வேறு பொய் தேடியிருக்க வேண்டும். நான் தேடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலி எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். "சிறுநீரகக் காலம் முடிய," என்றார் அருளப்பர். மூன்று வாரமாக என்று மொழிபெயர்த்தேன். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். மெசினிலிருந்து வந்த கடுதாசியைப் பார்த்த டாக்டர், அவரைக் கழற்றின சட்டையைத் திரும்பப் போட விடவில்லை. இருதயக் குழாயில் அடைப்பு. இன்னும் சில நாள் விட்டிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். திரேசா என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

தள்ளுகட்டிலில் கொண்டு போகும்போது அருளப்பர் தலையைத் தூக்கிச் சொன்னார்: "பாத்தியளே அக்கா, அண்ணை பிழை சொல்லேல்லை."

"ஓம், அவர் பிழை சொல்லேல்லை," என்றேன்.

அவரைக் காப்பாற்றின பெயர் உங்களுக்கே இருக்கட்டும். ஒருவரிடமும் மறுக்கமாட்டேன், இது சத்தியம்.

உங்கள் மனுசி,
இராசமணி