பாபா அயின்லா உயிரோடு தின்ற அக்கரா

மார்ச் 5, வியாழன்

அபேயோகுடா நகரப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: இந்த வீட்டின் அக்கரா அமைச்சராக, பதினைந்து வயது லான்ரே ஆகிய நான் பதவியேற்கிறேன். அம்மா ஞாயிறுதான் ஊரிலிருந்து வருவாள். அக்கரா என்கிற காராமணி வடை இல்லாமல் சனிக்கிழமைக் கூழ் எப்படி இறங்கும்?

அக்கா மொரெனிகே சிரித்தாள். "நீ சுட்டா கோலிக்குண்டுதான்டா வரும். உப்பலா வரலேன்னா ஒரு மாசம் என் துணியெல்லாம் நீதான் துவைக்கணும். வாசல் கொடியில, உன் ஃபுட்பால் பசங்க பாக்குற மாதிரி காயப்போடணும்."

சரி என்றேன். ரோஷம் யாரை விட்டது?

மார்ச் 6, வெள்ளி

காராமணியைத் தேய்த்துத் தேய்த்து விரல்ரேகைதான் போனது, தோல் போகவில்லை. ஊறினால் இவ்வளவு பெருகும் என்று யாராவது சொல்லக் கூடாதா?

மார்ச் 7, சனி

வெற்றி. பஞ்சு தோற்றது. தின்றது போக ஒரு பேசின் மிச்சம். புகழ் பரவட்டும் என்று வீடு வீடாகக் கொடுத்தேன், பெரிய சமையல்காரன் மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு. எல்லாரும் வாங்கிப் பெருமூச்சு விட்டார்கள். "நல்லா வாழ்ந்த மனுஷன்" என்றாள் எதிர்வீட்டு சிகிருவின் அம்மா.

யார், நானா?

அரைமணியில் வாசல் நிறைய அழுகை. அட மரமண்டையே — எங்கள் ஊரில் எழுபது தாண்டியவர் செத்துப்போனால்தானே வீடு வீடாக அக்கரா போகும். எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் பாபா அயின்லாவுக்கு எண்பத்திரண்டு. ஒரு வாரமாக இருமல் வேறு.

சத்தம் கேட்டு பாபாவே இறங்கி வந்தார். "யாருப்பா போனது?"

சிகிருவின் அம்மா கையிலிருந்த அக்கராவைக் கீழே போட்டாள்.

விஷயம் தெரிந்ததும் பாபா திட்டவில்லை. பேசினில் கைவிட்டு நாலு தின்றார். "என் சாவு அக்கராவை நானே தின்னாச்சு. நல்லா இருக்குடா. நிஜமாவே போறப்போ நீதான் சுடணும். சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

மார்ச் 8, ஞாயிறு

தூக்கமில்லை. அவர் அதை விளையாட்டாகக் கேட்கவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். உப்பை முதலிலேயே போட்டுத் தொலைத்தேன். மாவு தொய்ந்து, முதல் ஈடு செருப்பு மாதிரி தட்டை. மொரெனிகேதான் அரைமணி நேரம் கையாலேயே அடித்து மாவை எழுப்பினாள். சுட்டதும் அவள்தான்.

பாபாவிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப நீ என்னடா பண்ணின?"

"தோல் உரிச்சேன், பாபா."

"அதுக்கும் ஆள் வேணுமில்ல. மெதுவா கத்துக்கோ. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

வாசல் கொடியில் மொரெனிகேயின் ஏழு பாவாடைகள். ஃபுட்பால் பசங்க எண்ணிவிட்டுப் போனார்கள்.