முப்பது புள்ளித் தாராளம்

1886, மே 3
அம்மா என் ஆட்டப் பாவாடையை இன்னும் ஒரு அங்குலம் இறக்கித் தைத்துவிட்டார். கணுக்கால் தெரிந்தால் இங்கிலாந்து கவிழ்ந்துவிடுமாம். சென்ற ஆண்டு மகளிர் டென்னிஸ் கோப்பையைக் கணுக்காலோடுதான் வென்றேன். நாடு நன்றாகத்தான் இருக்கிறது.

மே 9
ஆகஸ்டில் என்னை மணக்கப்போகும் வக்கீல் எட்வின் பார்ஜெட்டர் இன்று திருவாய் மலர்ந்தார்: "இனிமே இந்தப் போட்டியெல்லாம் எதுக்கு, ஹெஸ்டர்? வீட்டுப் புல்வெளியில நாம ரெண்டு பேரும் ஆடிக்கலாமே." ஜூலையில் கோப்பையைக் காக்க நான் இறங்கக் கூடாதாம். யோசிக்கிறேன் என்றேன். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது, அதுதான் தொல்லை.

மே 22
பாதிரியார் வீட்டுத் தோட்ட விருந்து. என்னோடு ஆட வந்த எட்வின் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "பொண்ணுங்களுக்கு ஒவ்வொரு ஆட்டத்துலயும் முப்பது புள்ளி விட்டுக்கொடுக்கறது வழக்கம். எடுத்துக்கோ."

அம்மா காதோரம், "பேசாம தோத்துட்டு வாடி. என்ன குறைஞ்சிடப் போற?"

முயன்றேன், சத்தியமாக. இரண்டு பந்துகளை வலையில் அடித்தேன். உடனே பாதிரியாரிடம் எட்வின், "பாவம், களைச்சிட்டா" என்றார்.

"முப்பதை நீங்களே வெச்சுக்கங்க" என்றேன். ஆறு ஆட்டங்களுக்குப் பூஜ்யம். பூஜ்யம் அவருடையது.

மே 23
எட்வினுக்குத் தலைவலியாம்.

ஜூன் 6
இன்னும் தலைவலி. மருத்துவர்கள் மாநாடு கூட்டி ஆராய வேண்டிய தலைவலி.

ஜூன் 20
வரவே இல்லை. ஏன் இப்படிப் பண்ணித் தொலைச்சேன்? அன்னைக்குத் தோத்திருந்தா கிரீடமா எறங்கியிருக்கும்? அழுதேன். போட்டிக்குப் போகத்தான் போகிறேன் — அதற்கும் சேர்த்து அழுதேன்.

ஜூலை 17
சென்ற ஆண்டு வென்றவள் இறுதி ஆட்டத்தில் மட்டும் இறங்கினால் போதும். எனவே ஒரு வாரம் நாற்காலியில் ராணிபோல் உட்கார்ந்திருந்துவிட்டு, இன்று எழுந்துபோய்த் தோற்றேன். எதிரே ஆடிய லங்காஷயர் பெண் என்னைவிட நன்றாக ஆடினாள். எழுதக் கசக்கிறது.

ஜூலை 19
தலைவலி குணமாகிவிட்டது! ஒரு கூடை ஸ்ட்ராபெரியோடு எட்வின். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருத்தப்படாதே. இப்பதான் நீ எனக்கு ரொம்ப அழகாத் தெரியற" என்றார். அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையோடு நான் வந்த நாளில்கூட அந்த முகத்தில் இத்தனை மகிழ்ச்சி இல்லை.

ஜூலை 20
மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஸ்ட்ராபெரியை மட்டும் யாரும் வீணாக்கவில்லை.

ஜூலை 26
செப்டம்பரில் செல்டன்ஹாமில் போட்டி. பெயர் கொடுக்கப் போனேன். கிளப் செயலாளர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே, "அதுக்குள்ள கல்யாணம் ஆயிடுமே, திருமதி பார்ஜெட்டர்னு போட்டுக்கட்டுமா?" என்றார்.

"செல்வி ஹெஸ்டர் லவெல்னு போடுங்க" என்றேன்.