குதிரைப் பெட்டியில் உங்கள் துடிப்பு

இன்று காலை, புசல்லாவைக்கு மேலே நமக்குப் பழக்கமான அதே குதிரைக் கொட்டகையில், ஸ்பிரிட் மணம் மூக்கில் ஏறியது. என்னோடு வந்த இளம் பெண் மிருக வைத்தியர், சவர்க்காரக் கட்டி அளவிலான ஒரு கருவியைக் குதிரையின் முன்னங்காலுக்குப் பின்னால் வைத்து அழுத்தினார். வயரும் இல்லை, பெட்டியும் இல்லை. இதயத் துடிப்பின் கோடு அவருடைய போனில் ஓடியது. உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது.

நம்முடையது வயர்ப் பெட்டி. பந்தயக் காலத்துக்கு முன்பு, இதயத் துடிப்பு சீராக இல்லாத குதிரைகளைக் கண்டுபிடிக்க அதைக் கண்டியிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவோம். யாழ்ப்பாணத்தவரான நீங்கள், மலையகத்து வத்தேகமக்காரனான நான், பற்றரியும் வயரும் அடைத்த பெட்டி. யுத்த காலத்தில் பஸ்ஸில் போக இதைவிட மோசமான சேர்க்கை வேண்டுமா?

கம்பளை தாண்டியதும் ஒருநாள் இராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். உங்கள் அடையாள அட்டையைப் பார்த்த பிறகு ஆமிக்காரர்களின் முகம் மாறியது. குதிரையின் இதயத்தைப் பார்க்கும் மெஷின் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். எனக்கே அது பொய்போல் கேட்டது. அப்படியானால் குதிரை எங்கே என்றார் அதிகாரி. நீங்கள் சட்டைக் கையை மடித்து, ஸ்பிரிட் தடவி, குதிரைத் தோலைக் கவ்வும் அந்தப் பல்லுக் கிளிப்புகளை உங்கள் கைகளிலேயே மாட்டினீர்கள். கோடு எழுதிய தாள் நீளமாக வெளியே வந்தது. அதிகாரி சிரித்துவிட்டார். பஸ்ஸில் ஏறியபோது உங்கள் இரண்டு மணிக்கட்டிலும் பல் பதிந்து சிவந்திருந்தது.

தாளை நான்தான் பார்த்தேன். துடிப்புகள் ஒழுங்கில்லாமல் கிடந்தன, அங்கங்கே ஒன்று விடுபட்டுமிருந்தது. சும்மா நிற்கும் குதிரைக்குத் துடிப்பு விடுபடுவது சாதாரணம், ஓட்டினால் சரியாகிவிடும். தினமும் குதிரைத் தாள் பார்த்த பழக்கத்தில், "இது ஒண்ணுமில்லீங்க, ரெண்டடி நடந்தா சரியாயிடும்" என்றேன்.

"ஓம் ஐசே, நானும் குதிரைதான்" என்று சிரித்தீர்கள்.

பயந்து படபடக்கும் குதிரைக்கு அப்படி விடுபட்டால் அது சாதாரணம் அல்ல. அதை எனக்குக் காட்டித் தந்ததே நீங்கள். துப்பாக்கிகளுக்கு நடுவே எடுத்த தாள் அது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி மலை ஏறும்போது மூன்று இடத்தில் நின்றீர்கள். கண்டியில் சோறு கூடிப்போச்சு என்று கேலி செய்தேன். மேலே போய் ஒரு குதிரையை, ஓட்டிய பிறகும் துடிப்பு சீராகவில்லை என்று, பந்தயத்துக்கு விடக் கூடாதென எழுதிக் கொடுத்தீர்கள். சொந்தக்காரர் எவ்வளவோ கெஞ்சியும் நீங்கள் மசியவில்லை. அந்தக் குதிரை பல வருடம் உயிரோடு இருந்தது.

இரண்டு மாதத்தில் நீங்கள் கண்டி பஸ் தரிப்பிடத்தில் விழுந்தீர்கள், எழவில்லை. யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்ததால் உங்கள் அம்மாவால் முகம் பார்க்க வர முடியவில்லை. அவனுக்கு முதலே ஏதும் சுகவீனம் இருந்ததா என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தார். ஒன்றும் இருக்கவில்லை அம்மா என்று பதில் போட்டேன். எழுதும்போது உங்கள் தாள் மேசையில்தான் கிடந்தது. அந்தப் பொய்யைத் திருத்துவதற்குள் அவரும் போய்விட்டார்.

தாளை மருந்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். இன்று பஞ்சு எடுக்கப் பையைத் திறந்த அந்த இளம் வைத்தியர் அதைக் கண்டுவிட்டார். கோடு மங்கிப் போயிருந்தாலும் ஒரு பார்வை அவருக்குப் போதுமாயிருந்தது.

"இது எந்தக் குதிரை சேர்? ஓட விட்டிருக்க மாட்டீங்கதானே?"

"மலையேத்திட்டேன் மகள்" என்றேன்.