கேப்டன் அத்தைக்கு

அத்தை,

இன்று காலை நம் வீடியோ கேம் கண்ட்ரோலரைக் கையில் எடுத்தேன். ஒரு வருஷமாக டிவி மேசை இழுப்பறையில் கிடந்தும் அதன் குமிழில் உங்கள் தைல வாசனை போகவே இல்லை. வலிக்கிற விரலில் தைலத்தைப் பூசிக்கொண்டு அப்படியே விளையாட உட்காருவீர்கள். கையைக் கழுவிவிட்டு வாங்க என்றால், "கப்பல்ல நானூறு பேரு தூங்குறான், இவ என்னைக் கை கழுவச் சொல்றா" என்பீர்கள். இன்று நான் விளையாட எடுக்கவில்லை. யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும்போல் இருந்தது. வீட்டில் ஆள் இல்லை, உங்களுக்கு எழுதுகிறேன்.

நேற்று செந்தூல் ஃப்ளாட்டில் உங்கள் முதல் வருஷத் திதி. கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. செலாயாங்கிலிருந்து வந்திருந்த உங்கள் தம்பி, பாவம், சோற்றைப் பிசைந்துகொண்டே, அக்கா கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாளா என்று கேட்டார். நான் ரச வாளியோடு நிற்கிறேன். உங்கள் பெரிய மகன் நிதானமாகப் பதில் சொன்னார்.

"அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாது மாமா. நாங்க தெரிய விடல. பச்சப் புள்ள மாதிரி போய்ச் சேர்ந்தாங்க. அந்த ஊசிய மட்டும் பிடிவாதம் பண்ணாம போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்க. படிக்காதவங்க, என்ன பண்றது?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. பச்சைப் பிள்ளையாம், படிக்காதவராம்! பங்சாரில் ஒரு பெரிய கட்டடத்தை இருபத்தாறு வருஷம் கூட்டித் துடைத்து, அந்தக் கையால் இரண்டு பேரைப் படிக்க வைத்த மனுஷி. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஊர் கூடிய பந்தியில் உட்கார்ந்து இப்படிப் பேசினார். என் வீட்டுக்காரர், உங்கள் சின்ன மகன், அதற்குத் தலையை வேறு ஆட்டினார்.

உங்களுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி, கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியபோது ஆரம்பித்தது நம் விளையாட்டு. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் உங்கள் சின்ன மகன் ஆசையாக வாங்கிவிட்டுத் தொட நேரமில்லாமல் போட்டு வைத்திருந்த கேம் அது. நானூறு பேரைத் தூங்க வைத்து வேறொரு கிரகத்துக்குக் கொண்டுபோகிற கப்பல், அதற்கு ஒரு பெண் கேப்டன். யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள், கீழே மூன்று பதில் வரும். எதை அமுக்குகிறோமோ அப்படிக் கதை திரும்பும். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்து நான் ஆடுவேன், நீங்கள் காலை நீட்டிக்கொண்டு பார்ப்பீர்கள். மூன்றாவது வாரம், "கொண்டா இங்க, நீ எல்லாத்துக்கும் பயப்படுற" என்று பிடுங்கிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து கேப்டன் நீங்கள்தான்.

மலாய் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்த தமிழும் குறைவில்லை. இங்கிலீஷ்தான் வராது. அதனால் திரையில் வருவதை நான் தமிழில் வாசிப்பேன், நீங்கள் கேட்டுவிட்டுப் பதிலைச் சொல்வீர்கள். சாப்பாடு திருடியவனை அடைத்து வைக்கலாமா, மன்னிக்கலாமா, வெளியே தள்ளலாமா என்று கேட்டால், "பசிச்சுத்தான் எடுத்திருக்கான். ஒரு மாசம் மங்கு, தட்டு கழுவ விடு லா" என்று இல்லாத நாலாவது பதிலைச் சொல்லி என்னைப் பாடாய்ப் படுத்துவீர்கள்.

ஒரு சனிக்கிழமை நான் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். இன்ஜினைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் புருஷன் இனி எழுந்திருக்கவே மாட்டான் என்று கப்பல் டாக்டர் கேப்டனிடம் சொல்கிறான். மாமா இறந்துபோன வருத்தம் உங்களுக்கு இன்னும் ஆறவில்லையே என்று, "எழுந்திருக்கக் கொஞ்சம் லேட்டாகுமாம்" என்று மாற்றி வாசித்தேன். அதற்கு ஏற்றபடி பதில்களையும் மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. நீங்கள் ஒன்றை அமுக்கினீர்கள். கதை கோணிக்கொண்டு போனது, அந்த இன்ஜின் பெண், கேப்டனையே பகைத்துக்கொண்டு இன்ஜின் அறையைப் பூட்டிவிட்டாள்.

நீங்கள் கண்ட்ரோலரைக் கீழே வைத்தீர்கள். நல்ல சேதி சொல்கிற டாக்டர் அப்படியா தலையைக் குனிந்துகொண்டு நிற்பான் என்று கேட்டீர்கள். நான் உண்மையைச் சொன்னேன். நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"நல்லதோ கெட்டதோ, என்ன இருக்கோ அதை வாசி, கலா. பதில் சொல்றது நான். எனக்குப் பதிலா நீ பயப்படாத."

பழைய இடத்துக்குப் போய் மறுபடியும் ஆடினோம். அந்தப் பெண்ணிடம் உடனே சொல்லிவிடுவது என்ற பதிலை அமுக்கினீர்கள். அவள் அழுதாள். அழுது முடித்து, எழுந்து இன்ஜினைச் சரி செய்யப் போனாள்.

அப்புறம் உங்களுக்கு வயிற்று வலி வந்தது. ஸ்கேன், ரத்தம், இன்னொரு ஸ்கேன். டாக்டர் உங்கள் கட்டிலோரம் நின்று உங்கள் பெரிய மகனிடம் இங்கிலீஷில் பேசினார். கேன்சர், ஈரலுக்கும் போய்விட்டது. அம்மாவிடம் நான் மலாயில் சொல்லட்டுமா என்று டாக்டர் கேட்டார், அதை நான் என் காதால் கேட்டேன். நாங்களே சொல்லிக்கொள்கிறோம் என்றார் பெரியவர். வெளியே காரிடாரில் நின்று அண்ணனும் தம்பியும் அஞ்சு நிமிஷத்தில் முடிவு பண்ணினார்கள். சொன்னால் பயந்தே போய்விடுவார்களாம். கட்டி சின்னது என்றும், ஏற்றப் போகிற கீமோவைச் சத்து ஊசி என்றும் சொல்வதாம். பெரியவர் என்னைத் தனியாகப் பார்த்து, அவங்களோடு உட்கார்ந்து கேம் ஆடுகிறவள் நீதான், வாயைத் திறந்துவிடாதே என்றார். நானூறு உயிருக்குப் பதில் சொன்ன கேப்டனுக்குத் தன் ஒரு வயிற்றைப் பற்றித் தெரியக்கூடாது! என்ன நியாயம் அத்தை இது? அப்போது நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் ஊசி போட்டு, வாந்தி எடுத்து ஓய்ந்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேமைப் போடச் சொன்னீர்கள். போட்டேன். கேப்டனிடம் யாரோ வந்து பேச ஆரம்பித்தான். வாசிக்க வாயெடுத்தேன்.

"அது கிடக்கட்டும். அந்த டாக்டர் என் கட்டில்கிட்ட நின்னு என்னமோ பேசுனானே, அதை வாசி."

இந்த முறை நான் மாற்றவில்லை. அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து வந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தெரியாத வார்த்தைக்குத் தெரியாது என்று சொன்னேன். நீங்கள் அழவில்லை. இதில் எனக்கு என்னென்ன பதில் இருக்கு என்று மட்டும் கேட்டீர்கள். ஊசி போட்டால் சில மாதம் கூடலாம், ஆனால் இந்த வாந்தியும் ஆஸ்பத்திரியும்தான். போடாவிட்டால் குறையும், ஆனால் வீட்டில் இருக்கலாம், வலிக்கு மருந்து தருவார்கள். மூன்றாவது இல்லை என்றேன். "வீடு" என்றீர்கள்.

அதோடு, இது எனக்குத் தெரியும் என்று பசங்களிடம் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பெத்தவளிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தால் அவன்கள் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வான்கள் என்றீர்கள். உங்களை ஏமாற்றியவர்களின் மூஞ்சிக்கு அப்போதும் நீங்கள்தான் கவலைப்பட வேண்டியிருந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. இருந்தும் சரி என்றேன்.

அடுத்த ஊசிக்குக் கூட்டிப்போகப் பெரியவர் கார் கொண்டுவந்தபோது நீங்கள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. "வெறும் சத்து ஊசிதானேடா? எனக்கு வேணாம் லா. நான் சோறு தின்னு சத்து ஏத்திக்கிறேன்" என்றீர்கள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சத்து ஊசி இல்லையம்மா என்று சொல்லவும் முடியாது, சும்மா விடவும் முடியாது. அரை மணி நேரம் கெஞ்சினார், அதட்டினார், தன் தம்பியை விட்டுப் பேசச் சொன்னார். நீங்கள் அசையவில்லை. அதைத்தான் நேற்று பிடிவாதம் என்றார்.

அதன் பிறகு நீங்கள் கேமைக் கேட்கவே இல்லை, வேற வேலை இருக்கு என்றீர்கள். பங்சாருக்குக் கூட்டிப்போகச் சொல்லி, நீங்கள் துடைத்த கட்டடத்தின் கீழே இருக்கிற கடையில் உட்கார்ந்து கோப்பி குடித்தீர்கள். தரை சுத்தமே இல்லை என்று குறை சொன்னீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் கிளிப்பச்சைச் சேலை ஒன்று எடுத்து, இதைத்தான் எனக்குக் கட்டணும் என்று என்னிடம் கொடுத்தீர்கள். நீங்கள் போன அன்று, தாலி இழந்தவளுக்குப் பச்சையா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். சண்டை போட்டு அதையே உங்களுக்குக் கட்டினேன். ஒன்றும் தெரியாமல் போகிறவள் செய்கிற வேலையா அத்தை இதெல்லாம்?

அதனால்தான் நேற்று ரச வாளியைத் தரையில் வைத்தேன்.

"அண்ணே, அத்தைக்குத் தெரியும். நான்தான் வாசிச்சுக் காட்டினேன். ஊசி வேணாம்னு சொன்னது பிடிவாதம் இல்ல, அது அவங்க முடிவு."

எல்லாக் கையும் இலையில் நின்றுவிட்டது. பெரியவர் இலையை மூடி எழுந்து போய்விட்டார். அவர் மனைவி, திதி நாளும் அதுவுமாய் இப்படியா என்றாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. இன்று காலையில் சாப்பிடாமலே வேலைக்குப் போய்விட்டார். போகட்டும். உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன், அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். உங்களைப் பச்சைப் பிள்ளை என்று ஒருவர் சொல்ல, நான் பார்த்துக்கொண்டு ரசம் ஊற்ற முடியாது.

ஆனால் நடந்தது அதோடு முடியவில்லை, அத்தை. உங்கள் தம்பி மட்டும் அழுதுகொண்டே எழுந்து வந்து, என் தலையில் கை வைத்து, "நீயாவது சொன்னியேம்மா. எப்ப சொன்னே?" என்று கேட்டார்.

"டாக்டர் சொன்ன அன்னைக்கே சொல்லிட்டேன்" என்றேன்.

வாய் கூசவில்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டார், நானும் வாங்கிக்கொண்டேன். காகிதத்தை வாசித்து முடித்த அந்தச் சனிக்கிழமை நீங்களும் இதையேதான் என்னைக் கேட்டீர்கள், எத்தனை நாளாகத் தெரியும் என்று. உங்களிடம் பொய் சொல்லவில்லை. பதினொரு நாள் என்றேன். நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். விரலை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அந்தப் பதினொரு நாள் என்னோடது, கலா" என்று மட்டும்தான் சொன்னீர்கள்.