சாக்கெட்டை மூடியவளுக்கு

மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது ஒரு ஃப்ளாப்பி கையில் வந்தது. மேலே உன் கோணல் எழுத்து: "ஸ்டாப் பட்டன். இனி நிக்குமுங்க." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதைப் போட்டுப் பார்க்க இன்று என்னிடம் கம்ப்யூட்டர்கூட இல்லையடி.

கணபதி ஏரியாவில், லேத் பட்டறைக்கு மேல்மாடியில், நாம் இரண்டு பேரும் மில்லுக்கு ப்ரோக்ராம் எழுதிய காலம் அது. தறி அனுப்பும் தகவலுக்காக ப்ரோக்ராமுக்குள் தனியாக ஓடும் ஒரு த்ரெட், தகவல் வந்து சேரும் வாசலான சாக்கெட்டில் காதை வைத்துக் காத்திருக்கும். கரண்ட் போய்த் தறி நின்றால் தகவல் வராது. அதுவோ காத்துக்கொண்டே கிடக்கும். ப்ரோக்ராமை நிறுத்தும் ஸ்டாப் பட்டனை எத்தனை தரம் அமுக்கினாலும் அசையாது.

நீதான் வழி கண்டுபிடித்தாய். இன்னொரு த்ரெட்டிலிருந்து சாக்கெட்டை மூடிவிட்டால், காத்திருப்பது எர்ரரோடு விழித்துக்கொள்ளும். எர்ரரோடா என்று முகம் சுளித்தேன். "எர்ரரா வந்தா என்ன அம்மணி, எந்திரிச்சுக்கும்ல? சும்மா கெடக்கறதுக்கு அது தேவலை" என்றாய். அந்த எர்ரர் திரைக்கு வராமல் பிடித்துக்கொள்ளும் பகுதியை நான் எழுதுவதாகப் பேச்சு. மறந்துபோனேன்.

மில்லில் ஓட்டிக் காட்டியபோது பட்டன் வேலை செய்தது. கூடவே திரை முழுக்கச் சிவப்பாக எர்ரர். மேனேஜர் "என்னங்க இது?" என்றார். "அவங்க அவசரத்துல செஞ்சுபோட்டாங்க" என்று உன்னைக் கைகாட்டினேன். நீ டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு உன் ஊர் சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

தப்பு என்னுடையதென்று எனக்கு அங்கேயே தெரியும். ஆனாலும் நீயே முதலில் பேசட்டும் என்று இருந்தேன். கூப்பிட்டால் என்ன திட்டு விழுமோ என்ற பயம் வேறு. வாரக்கணக்கில் வீம்பு. கடைசியில் போன் வந்தது. பேசியது உன் தம்பி. "மஞ்சக்காமாலைங்க. முத்திப்போச்சுங்க. அக்கா போயிட்டாங்க" என்றான்.

உன் வீட்டு வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன் அடிச்சா நீயாத்தான் இருக்கும்னு ஓடுவா கண்ணு" என்றார். அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

இப்போதெல்லாம் யாரோடு மனத்தாங்கல் என்றாலும் நான்தான் முதலில் போய்ப் பேசுகிறேன். போன வாரம் என் மகள் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டினேன். "போம்மா!" என்று கத்தினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது, அழுகையும் வந்தது. அப்படி ஒரு கத்தலை உன்னிடம் வாங்கியிருக்கலாமே பாவி நான்.

உன் வீட்டு போன் நம்பர் இன்னும் எனக்கு மனப்பாடம். அன்றும் மனப்பாடமாகத்தான் இருந்தது.