பால்டிமோர் பிடி

மார்த்தாண்டம்
20-4-1931

அன்புள்ள சத்தியபாய்க்கு,

ஆண்டவர் கிருபையால் உடம்பு சுகம், மனசுதான் சுகமில்லை. நேற்று குளச்சல் கோயிலில் நம் கல்யாண அறிவிப்பின் இரண்டாம் ஓலை வாசித்து, தடை உண்டா என்று போதகர் கேட்டபோது உன் அண்ணன் செல்வதாஸ் அங்கே இல்லையாம். என்மேல் உள்ள கோபம்தான்.

சனிக்கிழமை ஆட்டத்தில், எதிரணிக்காக மூன்றாம் முனையிலிருந்து ஓடிய அவன் வேட்டியைப் பிடித்தது நான்தான். அவிழ்க்க நினைக்கவில்லை, சத்தியமாக. எங்களுக்கு பேஸ்பால் சொல்லித்தந்த அமெரிக்க சாயிப்பு, சிறுவயதில் பார்த்த பால்டிமோர் அணியின் பெருமையை ஓயாமல் சொல்வார். பந்தை மெல்லத் தட்டிவிட்டுப் பறப்பார்களாம். அம்பயர் ஒருவர்தானே, அவர் அந்தப் பக்கம் திரும்பினால், ஓடுகிறவனின் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார்களாம். மூன்று வருஷம் தொடர்ந்து அவர்களுக்குத்தான் வெற்றி. வேட்டி கட்டி ஆடும் நம் ஆட்களுக்கு பெல்ட் ஏது? அது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை. செல்வதாஸ் எழுந்து தடை சொன்னால் நான் செத்தேன். நீ அவனிடம் பேசு.

உன்
ஆபேல்

குளச்சல்
22-4-1931

அன்புள்ள அத்தானுக்கு,

அண்ணன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. சந்தையில் எங்களைப் பார்த்தாலே சிரிக்கிறார்கள். "அவனுக்க பால்டிமோரும் அவனும்! ஏட்டி, இவனையா நீ கெட்டப் போற?" என்று அம்மா திட்டுகிறாள். உங்கள் கடிதம் முழுக்க ஆட்டம்தான் இருக்கிறது. அண்ணன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

சத்தியபாய்

மார்த்தாண்டம்
23-4-1931

என் சத்தியபாய்,

சோறு இறங்கவில்லை. இனி பந்தைத் தொடமாட்டேன். ஊர் பார்க்க அவன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். விளையாட்டில் நடந்ததற்காக வாழ்க்கையை முறித்துப் போடலாமா? அவனை மட்டும் எப்படியாவது சமாதானப்படுத்து. நீ இல்லாமல் என்னால் முடியாது.

ஆபேல்

குளச்சல்
25-4-1931

ஆபேல் அவர்களுக்கு,

அண்ணன் நேற்று கடைக்குப் போனான். "வெளையாட்டுதானே மக்கா, விடு" என்று உங்களுக்காக என்னிடம் பேசியதும் அவன்தான். நாளை மூன்றாம் ஓலை வாசிக்கமாட்டார்கள். நிறுத்தச் சொன்னது அவனில்லை. இன்று காலை போதகரிடம் போய் நானே சொன்னேன்.

அன்று மூன்றாம் முனைக்கு நேரேதான் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கைகளால் மறைத்துக்கொண்டு மண்ணில் குந்திவிட்டான். வேட்டி உங்கள் கையில் இருந்தது. அவன்மேல் போட்டிருக்கலாம். நீங்கள் அவனைப் பார்க்கவே இல்லை. அம்பயர் பார்த்தாரா என்றுதான் பார்த்தீர்கள்.

சத்தியபாய்