இரண்டு ஆம்பியர் பெட்டி

8 மார்ச் 2010, திங்கள்

இன்றைக்கும் டியூப்லைட் பிடிக்கவில்லை. ஆறரை மணிக்கு மேல் ஓடைப்பட்டி சுற்றுவட்டாரத் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும். எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வது மீதிக் கரண்டு. குண்டு பல்பு போட்டேன், அதுவும் சிவப்பாகக் கம்பி மட்டும் தெரிந்தது.

மேசையில் இவரும் ஷெரினும் கால் மணி நேரம் எதையோ பேசினார்கள். தாடை அசைவது தெரிந்தது, உதடு தெரியவில்லை. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள் மகள். அந்தச் சொல்லை மட்டும் எந்த இருட்டிலும் படித்துவிடுவேன். மூளைக்காய்ச்சலில் காது போன இந்த ஏழு வருஷத்தில் நான் அதிகம் பார்த்த சொல் அதுதான்.

11 மார்ச், வியாழன்

தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்த பக்கத்து வீட்டுச் சுகிர்தம் கேட்கிறாள்: "மேலத் தோட்டத்துத் திராட்சையப் பிடுங்கிட்டு வாழக்கன்னு வைக்கப் போறீகளாமே, மதினி?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமா என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் இவரிடம் கேட்டேன். "திங்கக்கெழம ஒன்னய வச்சுக்கிட்டுத்தான பேசுனோம்" என்கிறார். வச்சுக்கிட்டுத்தான் பேசுனாக. இருட்டுக்குள்ள வச்சுக்கிட்டு. அந்தத் திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் ஊன்றின அன்னைக்கு நானும்தான் கயிறு பிடிச்சேன். ஊருக்கெல்லாம் தெரியுது, சுகிர்தத்துக்குத் தெரியுது, எனக்கு மட்டும் ஒண்ணுமில்ல.

சாப்பிடாமல் படுத்துவிட்டேன். யாருக்கு நஷ்டம்? எனக்குத்தான்.

13 மார்ச், சனி

நூல் வாங்க உத்தமபாளையம் போனேன். உமர் பாருக் எலக்ட்ரிக்கல் கடை வாசலில் ஒரு புதுச் சரக்கு தொங்கியது. லேஸ் மாதிரி சுருட்டி வைத்திருக்கிறார். முன்பக்கம் பொட்டுப் பொட்டாக எல்.இ.டி., பின்பக்கம் பசை. மூன்று பொட்டுக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டில் கத்தரிக்கோலால் வெட்டலாமாம். துணி வெட்டுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

உமர் பாருக் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துப் பேசுவார், புரியாவிட்டால் அட்டையில் எழுதிக் காட்டுவார். "சப்பரத்துக்கும் ஆட்டோவுக்கும் வாங்கிட்டுப் போறாகக்கா. நீங்க எதுக்கு?" என்றார். மூஞ்சி பார்க்க என்றேன்.

ஐந்து மீட்டர் வாங்கிவிட்டேன். இது பன்னிரண்டு வோல்ட்டில் எரியும், வீட்டுக் கரண்டை அப்படியே கொடுத்தால் கருகிவிடும், நடுவில் ஒரு டிரைவர் வேண்டும் என்று எழுதினார். டிரைவரா? கரண்டை இறக்கிக் கொடுக்கிற பெட்டிக்கு அந்தப் பெயராம். வீட்டில் பழைய டேப் ரெக்கார்டரின் எலிமினேட்டர் சும்மா கிடக்கிறது. அதுவும் கரண்டை இறக்கிக் கொடுப்பதுதான், 3, 6, 9, 12 என்று வோல்ட் மாற்றுகிற திருகு உள்ளது. அதையே வைத்துப் பார்க்கலாம்.

14 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் வேலையைத் தொடங்கினேன். ஜன்னல் திரை தொங்கின அலுமினியச் சட்டம், ஐந்தடி. அதில் பட்டையை மூன்று வரியாக வெட்டி ஒட்டினேன். எங்கே மாட்டுவது? மேசைக்கு நேர் மேலே பிடித்துப் பார்த்தால் இவர் மீசையின் நிழல் உதட்டின் மேல் விழுகிறது. ஆகவே என் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், தலைக்குச் சற்று மேலே. வெளிச்சம் எனக்கு வேண்டாம், எதிரே உட்காருகிறவர்கள் முகத்துக்குத்தான் வேண்டும்.

கண் கூசுகிறது என்று ஷெரின் முகத்தைச் சுளித்தாள். அளவு வெட்டுகிற பட்டர் பேப்பரை மேலே ஒட்டியதும் சாந்தமாகிவிட்டது.

பகலில் நன்றாக எரிந்தது. ஆறரைக்கு மோட்டார்கள் ஓட ஆரம்பித்ததும் இதுவும் மங்கியது. எலிமினேட்டரைத் தொட முடியவில்லை, தோசைக்கல்.

16 மார்ச், செவ்வாய்

ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். இந்த வெளிச்சத்தில் கையை வேகமாக ஆட்டினால் ஐந்து விரல் இருபது விரலாகத் தெரிகிறது. இஞ்ச் டேப்பை ஆட்டினேன், விசிறி மடிப்பு மாதிரி துண்டு துண்டாக நிற்கிறது. ஜன்னல் வெயிலில் அதே டேப் வழவழவென்று ஓடுகிறது. அப்படியென்றால் விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். இரண்டு நாளாகத் தலை வலிப்பது இதனால்தானா?

பிளஸ் டூவில் இயற்பியலில் எழுபத்தெட்டு மார்க் எடுத்தவள் நான். யாரும் நம்பமாட்டார்கள்.

20 மார்ச், சனி

உமர் பாருக்கிடம் டேப் ஆட்டிய கதையைச் சொன்னேன். அப்படியா என்று கடையிலேயே ஆட்டிப் பார்த்தார். எலிமினேட்டர் அப்படித்தான், கரண்டு குறைந்தால் அதுவும் குறைத்துக் கொடுக்கும் என்றார். ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். லேபிளில் 100–240 என்று போட்டிருக்கிறது. நூறு வோல்ட் வந்தாலும் பன்னிரண்டை விடாமல் கொடுக்குமாம். ஆகா, எங்கள் ஊருக்கென்றே செய்ததா?

எத்தனை ஆம்பியர்? நான் அங்கேயே கணக்குப் போட்டேன். மீட்டருக்கு 4.8 வாட், ஐந்து மீட்டர், 24 வாட். பன்னிரண்டால் வகுத்தால் இரண்டு. இரண்டு ஆம்பியர் பெட்டி கொடுங்கள் என்றேன். அஞ்சு ஆம்பியர் வாங்கிக்கோங்கக்கா என்றார். ஐந்தைக் கொடுத்தால் என் பட்டை கருகிவிடாதா? விலை கூடின சரக்கைத் தள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கணக்கு இரண்டு என்றுதான் வருகிறது என்று கறாராகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

21 மார்ச், ஞாயிறு

ஏழு மணி. ஊர் முழுக்க மங்கல், என் சுவர் மட்டும் பால் வெள்ளை. டேப்பை ஆட்டினேன், ஒழுங்காக ஓடியது.

இரண்டு பேர் முகமும் முழுசாகத் தெரிகிறது. அதைவிட ஆச்சரியம், இவர் வாய் திறந்து பேசுகிறார். முப்பது வருஷமாக மீசைக்குள்ளேயே முணங்குகிற மனிதர். "எதுக்குக் கோவம், இப்பக் கேளு" என்றார். கேட்டேன். திராட்சையில் செவட்டை நோய் வந்ததில் தொடங்கி வாழைக்கன்று வரைக்கும் சொன்னார். முழுதும் பிடுங்க வேண்டாம், கிழக்கு வரிசை நன்றாகத்தானே காய்க்கிறது என்றேன். யோசித்தார். சரி, பாதி நிற்கட்டும் என்றார்.

இவ்வளவையும் ஒரு சொல் விடாமல் பார்த்தேன். வெளிச்சம் வந்தால் வாயும் திறக்குமா?

6 ஏப்ரல், செவ்வாய்

ஈஸ்டருக்கு வந்த கொழுந்தன் வீட்டார்கூட எல்லாரும் வாயை நன்றாகத் திறந்துதான் பேசினார்கள். என் விளக்கின் மகிமை என்று எனக்கு ஒரே பெருமை. அவர்கள் மட்டும் ஏன் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை.

18 ஏப்ரல், ஞாயிறு

ஷெரின் முகம் வாடியிருக்கிறது. தலைவலியா என்றால் இல்லை என்கிறாள். படிக்கிற புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுகிறாள். சாப்பாட்டுக்கு மட்டும் வந்து உட்காருகிறாள்.

2 மே, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

சாயங்காலம் சுகிர்தம் வந்தாள். நான் விளக்கைப் போட்டேன். அவள் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டாள். "என்ன மதினி, வீட்டுக்குள்ள சில்வண்டு வளக்குறீகளா?" எனக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் ஷெரின் அவளுக்குக் கண் ஜாடை காட்டுகிறாள், பேசாதே என்று.

பெட்டியைத் தொட்டேன். சூடு மட்டும்தான். அதிரவில்லை, ஒன்றுமில்லை. கத்துகிறதா என்று ஷெரினிடம் கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எத்தனை நாளாக? முதல் நாளிலிருந்து.

ஆறு வாரம். ஆறு வாரமா ரெண்டு பேரும் அந்தக் கத்தலுக்குள்ள உக்காந்து சோறு தின்னுருக்காக. வாயத் தொறந்து பேசுனது வெளிச்சத்தால இல்ல, சத்தத்துக்கு மேல கத்துனதால. நான் என்னன்னா எம் பெரும, எம் வெளக்குன்னு... கொழுந்தன் பெஞ்சாதி என்ன நெனச்சிருப்பா?

ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். எவ்வளவு சத்தமாகப் போட்டேனோ தெரியாது. "மோட்டார் ரூம்ல கெடக்குறவனுக்கு இது ஒரு சத்தமா?" என்றார் இவர். "சொன்னா நீ கழட்டிருவ" என்றாள் ஷெரின்.

கழற்றிவிட்டேன். உள்ளே போய் அழுதேன்.

4 மே, செவ்வாய்

இரண்டு நாளாகக் குண்டு பல்பு. மறுபடியும் "ஒண்ணுமில்லம்மா".

5 மே, புதன்

காலையில் பார்க்கிறேன், பெட்டி மறுபடி சுவரில் தொங்குகிறது. இவர் மாட்டியிருக்கிறார், ஸ்குரூ முறுக்கினதிலேயே தெரிகிறது, தலை தேய்ந்துபோகிற அளவுக்கு.

ஒரு கெட்ட யோசனை வருகிறது, இங்கே மட்டும் எழுதுகிறேன். கத்தாத பெட்டி வாங்கினால் இவர் திரும்பவும் மீசைக்குள் போய்விடுவாரே. கத்துகிற பெட்டியே இருந்துவிட்டால் எனக்கு எல்லாம் புரியும். அவர்களும் சம்மதம் என்றுதானே மாட்டியிருக்கிறார்கள்? எனக்குக் கேட்கவா போகிறது?

எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: பிள்ளைக்குத் தலை வலிக்கிறது, செலின். உனக்குத் தெரியும்.

8 மே, சனி

ஷெரினைக் கூட்டிக்கொண்டு உத்தமபாளையம். நடந்ததைச் சொன்னதும் உமர் பாருக் அட்டையை எடுத்தார். "ரெண்டு ஆம்பியர் வேலைக்கு ரெண்டு ஆம்பியர் பெட்டி போட்டா அதுக்கு மூச்சு முட்டும். சூடாகும், கத்தும்."

ஐந்து ஆம்பியர் பட்டையைக் கருக்காதா என்று அன்றைக்குக் கேட்காமல் விட்டதை இன்று கேட்டேன். "வோல்ட்தான் சரியா இருக்கணும். ஆம்பியரப் பெட்டி தள்ளாது. பட்டை எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் போகும்" என்று எழுதினார்.

அட, இவ்வளவுதானா. ஒரு படி பால் காய்ச்ச ஒரு படிப் பாத்திரத்தையா வைப்போம்? தினமும் அடுப்பில் செய்கிற காரியம் கணக்கில் தோன்றவில்லையே. நீங்கள் அன்றே சொன்னீர்கள் தம்பி, நான்தான் கேட்கவில்லை என்றேன். எந்தக் கேட்கவில்லை, காதா பிடிவாதமா என்று அவர் கேட்கவில்லை.

ஐந்து ஆம்பியர், ஓட்டை ஓட்டையாகத் தகர உறை. கடையிலேயே ஐந்து மீட்டர் பட்டையை மாட்டிப் போடச் சொன்னேன். அவர் மேசை விசிறியை நிறுத்திவிட்டுப் பெட்டியோடு காதை வைத்தார். அடுத்து ஷெரின் வைத்தாள். கால் மணி நேரம் எரியவிட்டு இன்னொரு தரம் வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் சுருங்கவே இல்லை.

9 மே, ஞாயிறு

மாட்டியாயிற்று. தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். சுகிர்தத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு, "எரியிதா என்னன்னே தெரியல" என்றாள்.

ஷெரின் புத்தகத்தோடு மேசைக்கு வந்துவிட்டாள்.

இவர் சாப்பிட்டார். ஏதோ சொன்னார். நான் பயந்த மாதிரியேதான், உதடு இரண்டு தரம் அசைந்து மீசைக்குள் போய்விட்டது. என்ன என்றேன். அடுத்து எந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும், அதற்குத் தயாராகத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

மேசையைத் தட்டினார். நிமிர்ந்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தை வெளிச்சத்துக்கு நேராக வைத்து, இடது கையால் மீசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சில்வண்டு கத்தின நாளில் பேசின மாதிரியே வாயை அகலத் திறந்து சொன்னார்:

"கொழம்புல உப்பு கூடிப்போச்சு."